பாதி வாக்கியத்தில் நின்ற மழை

தூத்துக்குடியில், வீடுகள் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் இருக்கும் எங்கள் தெருவில், மழைக்குச் சம்பந்தமே இல்லாத ஆனி மாதத்தின் ஒரு காலையில், பெய்யத் தொடங்கிய மழை தரையைத் தொடாமல் தலைக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. அதற்குக் காரணம் நான்தான் என்பதில் தெருவில் ஒருவருக்கும் சந்தேகமில்லை, எனக்கும் இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் பேனாவை வைத்துவிட்டு அடுப்படியில் குக்கரை அணைக்கப் போயிருந்தேன்.

நான் கதை எழுதுகிறவள். இதை இங்கே ஒரு முறை சொல்லிவிடுகிறேன், வேறெங்கும் இதைச் சொல்ல எனக்கு இடம் கிடைப்பதில்லை. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் கிளாரன்ஸின் சொந்தக்காரர்கள், "டெல்ஃபின் என்னமோ எழுதிக்கிட்டு இருக்கா" என்று, எனக்குத் தீராத இருமல் ஒன்று இருப்பதைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். வாரப் பத்திரிகைகளில் என் கதைகள் வந்திருக்கின்றன; வந்த வேகத்தில் அவற்றில் வறுகடலை பொட்டலம் கட்டப்பட்டு என் வீட்டுக்கே திரும்பியும் வந்திருக்கின்றன. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில், ஊறுகாய் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு, கப்பல் ஏஜென்சி ஆபீசிலிருந்து கிளாரன்ஸ் கொண்டுவரும் பழைய பில் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவேன். பருப்பு வேகிற நேரம் ஒரு பத்தி. மாவு அரைகிற நேரம் ஒரு பத்தி. மீன் கழுவிய கையோடு எழுதிய பக்கங்களைப் பூனை வந்து முகர்ந்துவிட்டுப் போகும், அதுதான் எனக்கு வாய்த்த முதல் வாசகர்.

கான்வென்டில் எங்களுக்கு காம்போசிஷன் எடுத்த மதர் ஜோவிட்டா, ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்காமல் பேனாவை வைக்கிறவளுக்கு விரல் முட்டியில் ஸ்கேலின் விளிம்பால் ஒன்று வைப்பார். முடிக்காத வாக்கியம் கடவுள் முன்னால் பாதி போட்ட சிலுவை மாதிரி என்பார். அவருக்கென்ன, மடத்தில் சமைக்க ஆள் இருந்தது.

அன்று காலை எழுதிக்கொண்டிருந்த கதையில் ஒரு பெண், என் வயதுக்காரி, ரெக்சின் பையோடு பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். எங்கே போகிறாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது, போக வேண்டும் என்பது மட்டும் தெரியும். வீட்டு மொட்டைமாடியில் துவைத்த துணி கிடக்கிறது. அதனால் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறாள்: மழை வந்தால் துணியை எடுக்கத் திரும்பிவிடுவது, வராவிட்டால் மதுரை பஸ்ஸில் ஏறிவிடுவது. வெயில் மண்டையைப் பிளக்கிற ஆனி மாதத்தில் மழை எங்கே வரப்போகிறது என்ற தைரியம் அவளுக்கு. நான் விடுவேனா, மழையைக் கொண்டுவந்தேன். "வந்தால் திரும்பிவிடலாம் என்றிருந்த அவள், மழை வந்ததும்" என்று எழுதியபோது குக்கர் கத்தியது. எழுந்து போனேன். அடுப்பை அணைத்த கையோடு சிலிண்டர்காரன் வந்தான், அவன் போனதும் மீன்காரி வந்தாள், கிளாரன்ஸ் சட்டைப் பொத்தான் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தைமாதிரி நின்றார், ஆக எல்லாவற்றையும் முடித்து நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே மழை நின்றுகொண்டிருந்தது.

வானத்திலிருந்து இறங்கி, ஒரு சராசரி ஆளின் தலைக்கு மேல் ஒரு சாண் விட்டு, அந்த மட்டத்தில் கோடு போட்டதுபோல் துளிகள் நின்றன. தெரு நெடுகவும், தெருவுக்கு அப்பால் உப்பளம் முழுக்கவும், பெரிய துளி, சின்னத் துளி, ஒன்றின் மேல் ஒன்றாக மேகம் வரைக்கும். வெயில் அவற்றுக்குள் புகுந்து துண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. ஆபீசுக்குக் கிளம்பிய கிளாரன்ஸ் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார், உள்ளே போய்க் குடையை எடுத்தார், யோசித்தார், குடையைத் திரும்ப மாட்டினார், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு குனிந்தபடி ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போனார்.

"சாயங்காலமும் இப்படியே இருந்தா நான் சுத்து வழியா வாறேன்" என்றார்.

எதிர்வீட்டு சொர்ணக்கிளி அக்காதான் முதலில் அதைத் தொட்டது. தெருவிலேயே பெரிய வீடு அவர்களுடையது, பின்பக்கம் தகரம் போட்ட ஓர் அறையை வாடகைக்கும் விட்டிருக்கிறது. ஒரு குடத்தைத் தலைக்கு மேலே தூக்கி மழைக்குள் நுழைத்துக் கீழே இறக்கியது, குடத்தில் பாதிக்குத் தண்ணீர் இருந்தது. விரலை விட்டுச் சப்பிப் பார்த்தது.

"உப்பு இல்ல" என்றது, தெருவுக்கே கேட்கும்படி.

எங்கள் ஊரில் இந்த இரண்டு சொல்லுக்கு என்ன மதிப்பு என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. குழாயைத் திறந்தால் காற்று வரும், போர் போட்டால் கடல் வரும், நல்ல தண்ணீர் லாரி எப்போது வருமென்று டிரைவருக்கே தெரியாது. லாரிக்குக் குடம் வைத்து இடம் பிடித்து, அந்தக் குடத்தை யார் நகர்த்தினார்கள் என்று சண்டை போட்டு, பேச்சுவார்த்தை நின்று, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்து, பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்து அழுது சேர்ந்துகொண்ட குடும்பங்கள் எங்கள் தெருவில் உண்டு. அதனால் மழை ஏன் நிற்கிறது என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குடம், தோண்டி, வாளி, குழந்தை குளிக்கிற பேசின் எல்லாம் தலைக்கு மேலே போய்க் கீழே வந்தன. அப்புறம் யாரோ குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் வீடு திரும்பும்போது குடை நிறைந்திருக்கும் என்று கண்டுபிடித்தார்கள். அன்று முதல் காலையில் எங்கள் தெருவில் குடைகள் எல்லாம் அண்ணாந்து நடந்தன. உயரமான ஆட்கள் தலை ஈரத்தோடே திரிந்து சளி பிடித்து ஆவி பிடித்தார்கள். லாரி வந்தபோது எதிரே ஒரு குடம்கூட இல்லை, டிரைவர் இறங்கி வந்து ஒரு வீட்டில் அந்தத் தண்ணீரில் போட்ட டீயைக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிப் போனார்.

மழை நின்ற அன்று மாலையே சொர்ணக்கிளி அக்கா வந்து கேட்டது.

"ஏ டெல்ஃபினு, காலைல நீ ஜன்னலோரம் உக்காந்து எழுதிக்கிட்டு இருந்ததப் பாத்தேன். எந்திரிச்சு உள்ள போன, மழ நின்னுட்டு. என்னத்த எழுதிக்கிட்டு இருந்த?"

நான் தாளை எடுத்து வாசித்துக் காட்டினேன். கடைசி வார்த்தை வந்ததும் நிறுத்தினேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் இருக்கு."

அக்கா தாளை வாங்கியது. பிறகு அதை மெல்ல மடித்து ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் வைத்து, "அப்படியே இருக்கட்டும்" என்றது.

மறுநாள் தெருச் சங்கத்தின் கூட்டம் நடந்தது, நின்றால் உயரமானவர்களின் தலை மழைக்குள் போகும் என்பதால் எல்லாரும் தரையில் உட்கார்ந்தே பேசினார்கள். செயலாளர் ஞானதிரவியம் சார் ஓய்வுபெற்ற தாசில்தார், ஒன்றைப் பார்த்தால் அது யாருக்குச் சொந்தம் என்று பிரிக்காமல் அவரால் தூங்க முடியாது. அவரவர் மனைக்கு மேலே நிற்கும் மழை அவரவர்க்கு; தெருவுக்கு மேலே நிற்பது பொது; பொது மழையைக் காலையில் மட்டுமே எடுக்கலாம். வாடகைக்கு இருப்பவர்கள் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டதற்குச் சொர்ணக்கிளி அக்கா, "நாம வாடகைக்குக் குடுத்தது வீட்டத்தானே, அதுக்கு மேல இருக்கதுக்கும் சேத்தா வாடகை வாங்குதோம்" என்றது, அது நியாயமாகப் பட்டதால் மேலே விவாதிக்கவில்லை. அதன் பிறகு எல்லாருமாக எழுந்து, குனிந்து, வரிசையாக என் வீட்டுக்கு வந்தார்கள்.

ஞானதிரவியம் சார் இரண்டு கையையும் கூப்பினார்.

"மேடம், இத்தன வருசமா ஒரு எழுத்தாளர் நம்ம தெருவுல இருக்காங்கன்னு தெரியாமயே இருந்திருக்கோம். மன்னிக்கணும். உங்க எழுத்துக்கு நான் தல வணங்குதேன்."

"சரி சார்."

"நீங்க எழுதக் கூடாது."

"என்ன சார் சொல்லுதிய?"

"அந்தக் கதைய மட்டும். வேற எது வேணாலும் எழுதுங்க, கோலப் புத்தகம் எழுதுங்க, சமையல் எழுதுங்க, சங்கமே அச்சடிச்சுக் குடுக்கும். இத முடிச்சிராதிய. முடிச்சா மழ கீழ வந்துரும், வந்தா சாக்கடைக்குப் போயிரும், நாம பழையபடி லாரி பின்னால ஓடணும்."

வாசலில் நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் என் எழுத்தால் ஒரு காரியம் நடக்கும் என்று முதன்முதலாக நம்பியவர்கள் அவர்கள்தான், நம்பிய கையோடு அதை நிறுத்தச் சொன்னவர்களும் அவர்கள்தான். நான் யோசிக்கிறேன் என்றேன். எழுத்தாளர்கள் யோசிக்கிறார்கள் என்றால் ஆபத்து என்று ஞானதிரவியம் சாருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அன்றிரவே ஒரு ஏற்பாடு செய்துவிட்டார், விடிந்ததிலிருந்து என் வீட்டுக்கு முறை வைத்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

நான் மேசையில் உட்காரும் சமயமெல்லாம் ஒருவர் வந்தார். மக்ரூன் கொண்டுவந்தார்கள்; அத்தனை மக்ரூனை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. பிள்ளைகளின் இங்கிலீஷ் பாடத்தைக் கொண்டுவந்து, "நீங்க கான்வென்ட்ல படிச்சவங்க" என்று விரித்துவைத்தார்கள். மருமகள் சண்டையைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் வந்து, எதுவும் சொல்ல இல்லாமல், தன் முழங்கால் வலியை ஆதியிலிருந்து சொன்னார். போகும்போது எல்லாரும் ஊறுகாய் பாட்டிலை ஒரு பார்வை பார்த்து, தாள் அப்படியே இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

இதில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை, அதுதான் அலுப்பு. இருபத்தைந்து வருஷமாக இதேதான் நடந்திருக்கிறது. அப்போது தெரியாமல் செய்தார்கள், இப்போது சங்கம் வைத்துச் செய்கிறார்கள். பெண் எழுத வேண்டுமென்றால் தனி அறை வேண்டும், தனி நேரம் வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள், நானும் கை தட்டியிருக்கிறேன். எனக்கு அறை எல்லாம் வேண்டாம், ஒரு வாக்கியம் தொடங்கி முடிகிற அளவுக்கு யாரும் "டெல்ஃபின்" என்று கூப்பிடாமல் இருந்தால் போதும், அது அறையைவிட விலை கூடியதாக இருக்கிறது. கதை எழுதுவதைப் பற்றிக் கேட்கிறவர்கள் கரு எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்கிறார்கள். கருவுக்கு என்ன பஞ்சம், மீன்காரி கூடையை இறக்கினால் மூன்று கரு இறங்கும். அந்தக் கருவைக் கையில் பிடித்துக்கொண்டு, அரிசியைக் களைந்து, பாலைப் பார்த்து, மாத்திரையை எடுத்துக் கொடுத்து, போனில் நாத்தனார் சொல்வதற்கு உம் போட்டு, திரும்ப மேசைக்கு வரும்வரை அது சாகாமல் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் வழியிலேயே செத்துப்போகும். அவற்றை எங்கே புதைத்தேன் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

இந்தக் கதை சாகவில்லை, வெளியே நின்றது, எல்லாரும் பார்க்க நின்றது, ஆனால் நாளுக்கு நாள் குறைந்தது. நானும் அந்தத் தண்ணீரில்தான் சமைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். கிளாரன்ஸ் மொட்டைமாடியில் ஏணி போட்டு எங்கள் மனைக்கு மேலே இருந்ததைப் பறித்து டிரம்மில் நிரப்பினார், என் சொந்த வாக்கியத்தில் உலை வைத்தேன், சோறு பூவாக வெந்தது. பறித்த இடத்தில் மறு துளி வரவில்லை. முதலில் சொர்ணக்கிளி அக்கா வீட்டுக்கு மேலே சதுரமாக ஓட்டை விழுந்து நீல வானம் தெரிந்தது, அப்புறம் ஞானதிரவியம் சார் வீட்டுக்கு மேலே, அப்புறம் எங்களுக்கு மேலே. ஏணியோடு ஏணி கட்டினார்கள், துறைமுகத்திலிருந்து யாரோ நீளமான கழி கொண்டுவந்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்த ஒரு கணக்கு அதில் இருந்தது. கடைசித் துளியையும் பறித்துவிட்டால் என் கதையில் பெய்வதற்கு மழை இருக்காது, மழை வந்ததும் என்ன என்ற இடத்துக்கு நான் திரும்பவே முடியாது, அந்தப் பெண் பையைப் பிடித்தபடி பழைய பஸ் ஸ்டாண்டில் காலத்துக்கும் நிற்பாள். எழுதினாலோ, தெரு முழுக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு ஓடும்; குடம் சுமந்து ஓடிய தோள் எனக்கும் இருக்கிறது, மழைநாள் வந்தால் இப்போதும் குடைச்சல் எடுக்கும்.

கிளாரன்ஸிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கு அத முடிக்கணும்."

"முடியேன், யாரு வேண்டாம்னது?"

"முடிச்சா தண்ணி போயிரும்."

"அப்ப முடிக்காத."

"ஒன்னுக்கு ஒன்னு எதிரா இருக்கே, கிளாரன்ஸ்."

"நீ எது சொன்னாலும் நான் சரின்னுதானே சொல்லுதேன்" என்றார், வருத்தமாக. நல்ல மனுஷன். இத்தனை வருஷத்தில் என்னை எழுதாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை, என்ன எழுதினாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

முறை வைத்து வருகிறவர்களில் வாடகைக்காரர்களையும் சேர்த்திருந்தார்கள், தண்ணீரில்தான் பங்கு இல்லை. அப்படி ஒரு மத்தியானம் முத்துக்கனியின் முறை வந்தது. சொர்ணக்கிளி அக்கா வீட்டுப் பின்னால் தகர அறையில் இருப்பவள், புருஷன் இல்லை, அளத்துக்கு உப்பு வாரப் போவாள். வந்தவள் மக்ரூன் கொண்டுவரவில்லை. நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"எதாவது பேசிக்கிட்டே இருக்கணும்னு சொன்னாவ. என்ன பேச?"

"உனக்கு இஷ்டமானதப் பேசு."

"எனக்கு அளத்துல வேல இல்லக்கா. அங்கயும் மேல இப்படித்தான் தொங்குது. வெயிலு முழுசா கீழ வர மாட்டேங்கு, பாத்தியில தண்ணி அப்படியே கெடக்கு, உப்பு எறங்க மாட்டேங்கு. பெஞ்சாலாவது எல்லாத்தையும் கழுவிக்கிட்டுப் போவும், ரெண்டு நா வெயிலடிச்சதும் பாத்தி மிதிக்க வாங்கன்னு கூப்பிட்டு விடுவாவ. இது பெய்யவும் இல்ல, போவவும் இல்ல. கங்காணி வந்து மேல பாக்கான், போறான். எங்க கூட்டத்துல பாதிப்பேரு அடுப்பு பத்த வைக்கல."

"தண்ணியாவது கிடைக்குதா?"

"என் கூரைக்கு மேல இருந்தத வீட்டம்மா ஏணி வச்சுப் பறிச்சிட்டாவ. அளத்துல நிக்கதத் தொடக் கங்காணி விட மாட்டான். தெருவுல காலைல எடுக்கலாமாம். காலைல நான் எங்க இருக்கேன், வேல கேட்டு அலையுதேன்." கழுத்தைச் சொறிந்துகொண்டாள். "அது கிடக்கட்டும். அந்தப் பொம்பள போறாளா, திரும்பி வாராளா?"

"எந்தப் பொம்பள?"

"கதையில பையத் தூக்கிக்கிட்டு நிக்காளாமே. தெரு முழுக்கப் பேச்சு. வீட்டம்மா திரும்பிருவாங்காவ. தாசில்தாரு சாரு, அவ நிக்கது வரைக்கும் நமக்கு லாபம்ங்காரு. நீங்க என்ன வச்சிருக்கிய?"

"எனக்குத் தெரியல முத்துக்கனி."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரியாமலா எங்கள இத்தன நா நிறுத்தி வச்சிருக்கிய?"

அதற்கு நான் சொல்லியிருக்கக்கூடிய பதில்கள் நிறைய. குக்கர், சிலிண்டர், பொத்தான், சங்கம், மக்ரூன். எல்லாம் உண்மை. ஆனால் குக்கர் கத்தியபோது என் உடம்பு எழுந்த வேகம் எனக்குத் தெரியும். அந்த வாக்கியத்தின் மறுபாதி என் கையில் இல்லை, அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பினால் இதுவரை நான் எழுதி வீட்டுக்கே திருப்பிய அத்தனை பெண்களோடும் போய்ச் சேர்ந்துகொள்வாள், பஸ்ஸில் ஏற்றிவிட்டால் அவளோடு எங்கே போவது என்று எனக்குத் தெரியாது, அந்த நேரம் பார்த்துக் குக்கர் கத்தியது, எழுந்தேன். நேரம் இல்லை என்பது பாதி, தைரியம் இல்லை என்பது பாதி, இரண்டும் ஒரே பாத்திரத்தில் வெந்து எது எதென்று தெரியாமல் குழைந்துவிடுகிறது.

"எவ்வளவு நேரம் வேணும்?" என்றாள் முத்துக்கனி.

"எதுக்கு?"

"முடிக்கத்தான்."

"அது சொல்ல முடியாது. ஒரு வார்த்தைதான். சில சமயம் ஒரு வார்த்தைக்கு ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசம்லாம் முடியாது. இன்னிக்கு முடிச்சிருங்க." எழுந்து வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். வெளித்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது, பிறகு படியில் உட்காரும் சத்தம்.

பாட்டிலைத் தூக்கித் தாளை எடுத்தேன். ஊறுகாய் எண்ணெய் வட்டமாகப் படிந்திருந்தது, "மழை வந்ததும்" அந்த வட்டத்துக்குள் இருந்தது. பேனாவைப் பிடித்தேன். ஒன்றும் வரவில்லை. யாரும் கூப்பிடாத வீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லாததால் காது அடுப்படிப் பக்கமே போனது. அடுப்பில் ஒன்றுமில்லை. வாசலில்தான் அடுத்த முறைக்காரர்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஏட்டி முத்துக்கனி, என்ன வெளிய உக்காந்திருக்க? உள்ள போயிப் பேச்சுக் குடுக்கச் சொன்னா." சொர்ணக்கிளி அக்காவின் குரல்.

"பேசி முடிச்சாச்சு வீட்டம்மா."

"அப்ப எந்திரி, நான் போறேன்."

"இப்பம் முடியாது."

"யாரு வீட்டு வாசல்ல யாருட்டி வழி மறிக்கா? எழுதுதாளா உள்ள?"

"எழுதுதாவளோ, அழுதாவளோ, எனக்குத் தெரியாது. கதவு சாத்திருக்கு."

"நாளைக்கு உனக்கு வீடு இருக்காது, பாத்துக்க."

"வீட்டத்தான எடுப்பிய, அதுக்கு மேல இருக்கத ஏற்கெனவே எடுத்துட்டியள்லா."

யாரோ சிரித்தார்கள். யாரோ சிரித்தவரை அதட்டினார்கள். ஞானதிரவியம் சார் வந்து, தனி நபரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது சட்டப்படி குற்றம் என்றார், முத்துக்கனி, "அவுகளயே கேளுங்க, தொறக்கச் சொன்னா தொறக்கேன்" என்றாள். எல்லாரும் பேச்சை நிறுத்தி நான் கதவைத் திறக்கச் சொல்லக் காத்திருந்தார்கள்.

அந்த நிசப்தம் எனக்குத் தெரிந்தது. எத்தனையோ முறை அந்த மாதிரி ஒரு நிசப்தத்தில் "இதோ வாறேன்" என்று சொல்லியிருக்கிறேன், சொல்வதற்கு முன்னாலேயே கால் செருப்பைத் தேடியிருக்கிறது. வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். பழைய பஸ் ஸ்டாண்டில் அவள் தலைக்கு மேலே மழை நிற்பதும், மதுரை பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கியபடி ஊர்ப் பெயரைக் கூவுவதும், பையின் கைப்பிடி அவள் விரல்களில் பதிந்திருப்பதும் எனக்குத் தெரிந்தன. துணியைப் பற்றியேதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் நினைப்பதை என்னால் மாற்ற முடியாது என்பதும், மாற்ற வேண்டிய அவசியம் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் அவளுக்குத் துணிச்சல் வரட்டும் என்றல்லவா காத்திருந்தேன், அது வராமலே ஏறலாமே. எழுதினேன்.

"வந்தால் திரும்பிவிடலாம் என்றிருந்த அவள், மழை வந்ததும், கொடியில் கிடக்கும் துணியெல்லாம் நனையப்போகிறதே என்று பதறியபடியே போய் மதுரை பஸ்ஸில் ஏறினாள்."

புள்ளி வைத்தேன்.

மழை முதலில் உப்பளத்துப் பக்கம் விழுந்தது, அங்கேதான் யாரும் பறிக்காமல் மொத்தமும் இருந்தது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல் ஒரே இரைச்சல். அங்கிருந்து தெருவுக்குள் வந்தது, வந்தாலும் விட்டு விட்டு வந்தது. யார் யார் எவ்வளவு பறித்திருந்தார்களோ அவ்வளவுக்கு அவர்கள் வீட்டின்மேல் மழை இல்லை. சொர்ணக்கிளி அக்கா வீட்டு மாடியில் சுத்தமாக ஒரு பொட்டு விழவில்லை, இரண்டு வீட்டுக்கு நடுவிலிருந்த முடுக்கில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அப்புறம் தெருவில் பாத்திரங்கள் உருளும் சத்தம், ஓடும் சத்தம், நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதே என்று யாரோ ஒரு கிழவர் அழும் சத்தம். அந்த அழுகையை நான் கேட்டேன். காதைப் பொத்திக்கொள்ளவில்லை. எழுதினால் சிலருக்கு நஷ்டம் வரும், அது யாருடைய குடம் என்று தெரிந்தே எழுத வேண்டியிருக்கிறது. பெய்வதற்கு அதிகம் மிச்சமில்லாததால் சீக்கிரமே ஓய்ந்தது.

ஞானதிரவியம் சார் மூடிய கதவைப் பார்த்து, "லாரிக்கு மனு குடுக்கணும், மேடம், நீங்கதான் இங்கிலீஷ்ல எழுதித் தரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இனி அவர் என்னை எழுத்தாளர் என்று சொல்ல மாட்டார். சொர்ணக்கிளி அக்கா ஒன்றும் சொல்லாமல் போனது, ஒரு மாசத்துக்குப் பேசாது என்று அர்த்தம். படியில் ஒரு ஆள் மட்டும் இருந்தது, முந்தானையைப் பிழிகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாளைத் திறக்கவில்லை.

"முடிச்சிட்டியளா?"

"முடிச்சிட்டேன்."

"என்ன செஞ்சா?"

"ஏறிட்டா."

உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

"உக்கார எடம் கெடச்சுதா?"

நான் தாளைப் பார்த்தேன். புள்ளிக்குப் பிறகு வெள்ளையாக இருந்தது.

"தெரியலயே."

"மதுரை வரைக்கும் கையில பையோட நின்னுக்கிட்டா போவா, பாவம்" என்றாள் முத்துக்கனி. "பாத்துச் சொல்லுங்க. நான் இங்கனதான் இருக்கேன்."

எனக்கு இடுப்பு வலித்தது, கண் எரிந்தது, ஒரு வாய் காப்பி குடித்தால் தேவலை போலிருந்தது. பேனாவை எடுத்தேன். பஸ்ஸுக்குள் கூட்டமாகத்தான் இருந்தது.